மேகக்காரர்களின் பதில் முகவரி

வீட்டில் அவளுக்குச் சின்னி என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அக்கா வாயிலிருந்து கிளம்பி, பக்கத்து வீட்டுக்குப் போய், வேலை செய்யும் கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பளம் கொடுக்கும் கண் டாக்டர்கூட, "சின்னி, அந்தப் பெரியவரோட கண்ணாடி ரெடியா?" என்றுதான் கேட்பார்.

கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து அறையில் அவளுக்கு வேலை. முன்பக்கம் வெளிச்சம், அலமாரிகள், சிரித்துப் பேசும் விற்பனைப் பெண்கள். பின்பக்கம் ஒரு மேஜை, லென்ஸ் தேய்க்கும் எந்திரம், அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் குழாய். வட்டமாக வரும் லென்ஸை அவரவர் பிரேமுக்குத் தகுந்த மாதிரித் தேய்த்து, விளிம்பை மழுக்கி, துடைத்து, உள்ளே உட்கார வைக்க வேண்டும். நாள் முழுக்கக் கண்ணுக்கு அருகிலேயே வைத்துப் பார்க்கும் வேலை. அதனால் அவ்வப்போது தலையை நிமிர்த்தித் தூரத்தில் எதையாவது பார்க்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அறையில் தூரம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூரையை ஒட்டி, கை எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். அதில் மரமோ கட்டடமோ தெரியாது. வானம் மட்டும் தெரியும்.

அப்படித்தான் அவள் மேகம் பார்க்கத் தொடங்கினாள். முதலில் கண்ணுக்கு ஓய்வு, அவ்வளவுதான். பிறகு, காலையில் பார்த்த மேகம் மதியம் என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் ஏதோ போல இருந்தது. ஒரு நாள் எந்திரத்தை நிறுத்த மறந்து ஒரு லென்ஸைத் தேய்த்தே தீர்த்துவிட்டாள். பஞ்சு பிரிகிற மாதிரி ஒரு மேகம் பிரிந்துகொண்டிருந்ததுதான் காரணம் என்று டாக்டரிடம் சொல்ல முடியாமல், கை தவறிவிட்டது என்றாள்.

விமான நிலையத்தில் வானிலை குறித்து வைக்கும் ஒருவர் அந்தக் கடையின் வாடிக்கையாளர். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணாடி போட்டவர். பிரேமை இறுக்கிக்கொள்ளப் பின்பக்கம் வந்தவர், அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"மழை வருமான்னு பாக்கறீங்களா?"

"இல்ல சார். சும்மாதான். அது இப்ப ரெண்டா உடையப் போவுது."

அவரும் அண்ணாந்து பார்த்தார். சற்று நேரத்தில் அது உடைந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, இவருக்கும் இந்தக் கிறுக்கு இருக்கிறது என்று சின்னிக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஒரு மின்னஞ்சல் குழு நடத்திக்கொண்டிருந்தார். மேகம் பார்க்கிறவர்களின் குழு. ஒரு முகவரிக்கு எழுதினால் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் போய்ச் சேரும். பல ஊர்களில், பல வேலைகளில் இருந்தவர்கள் அதில் இருந்தார்கள். சிலர் படம் அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் எழுதினார்கள், நாலைந்து வரிதான். ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற பெண்மணி, பள்ளிக்கூடத்தில் பியானோ கற்றுக்கொடுக்கும் டீச்சர், கோர்ட் வாசலில் கட்சிக்காரர்களுக்காகக் காத்திருக்கும் வக்கீல். ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு 'பதில்' பொத்தானை அழுத்தினால், அந்தப் பதில் எழுதியவருக்கு மட்டும் போகாது, குழு முழுவதற்கும் போகும். வானிலைக்காரர் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தார். "நாலு பேர் உக்காந்திருக்கற ரூம்ல ஒருத்தர் பேசினா, பதிலும் நாலு பேர் காதுல விழணும்ல? அதான் பேச்சு," என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டபோது, குழுவை அவர் சின்னியிடம் ஒப்படைத்தார். "பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. புதுசா வர்றவங்கள சேர்க்கணும், போறேன்னு சொல்றவங்கள விடணும். மத்தபடி எதையும் தொடாதீங்க. அதுவே ஓடும்."

குழுவில் எல்லாரும் அவளைத் தபாலம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டுக்கு வர்ற தபாலைக்கூட நீ கவனிச்சு எடுத்ததில்ல. நீ தபாலம்மாவா?"

அக்காவும் சின்னியும்தான் அந்த வீட்டில். அக்காவின் கணவர் இறந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். அக்கா ஒரு ரொட்டிக் கடையில் காலை வேளைகளில் கல்லாவில் உட்காருவாள். மேகம், பதில், குழு எல்லாம் அவளுக்கு வேலையற்ற வேலை. "மேகத்தைப் பத்தி மேகத்துக்கே தெரியாததெல்லாம் எழுதறாங்க," என்பாள். ஆனால் காபி குடிக்கும்போது சின்னி படிக்காமல் இருந்தால், "ஏன், இன்னைக்கு அந்த மேல இருக்கறவர் ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்காமல் இருக்கவும் மாட்டாள்.

மேல இருக்கறவர் என்று அக்கா சொன்னது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவரை. எழுதி முடித்ததும் கீழே பெயர் போடுவதற்குப் பதிலாக 'உயரத்திலிருந்து' என்று போடுவார். அதனால் குழுவில் அவர் உயரத்துக்காரர். ஏணி ஏறி, மின்தூக்கியில் ஏறி, மறுபடி ஏணி ஏறிப் போய் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்குவது அவர் வேலை. மற்றவர்கள் மேகத்தை அண்ணாந்து பார்த்தார்கள், அவர் மட்டும் நேருக்கு நேர் பார்த்தார். பனி கடலிலிருந்து எழுந்து வந்து கூண்டின் அடியில் நின்றுகொண்டு, கீழே உலகமே இல்லாத மாதிரி ஆக்கிவிட்ட ஒரு காலையை அவர் எழுதியிருந்தார். ரேடியோவில் மட்டும் ஆட்களின் குரல் வந்ததாம். பாலுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அதைப் படித்த அன்று சின்னி கடைக்கு நடந்து போகும்போது கால் தரையில் பாவவில்லை.

குழுவில் அவருக்குப் பதில்கள் குவியும். ஒரு தடவை, நீளமான ரிப்பன் மாதிரி ஒரு மேகம் சூரியனைச் சுற்றிக்கொண்டு போனதாக எழுதினார். உடனே வக்கீல், தானும் அதைக் கோர்ட் வாசலில் இருந்து பார்த்ததாகவும், இன்னும் கொஞ்சம் ஊதா கலந்திருந்ததாகவும் பதில் போட்டார். மொட்டை மாடிப் பெண்மணியும் பார்த்திருந்தாள். சின்னியும் தன் ஜன்னலில் அதன் வால் தெரிந்ததாக எழுதினாள். எழுதும்போது அது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

பியானோ டீச்சர் காலையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். நேற்று சாயங்காலம் ஒரு மேகம் படிக்கட்டு மாதிரி அடுக்கி நின்றதே, மேலேயிருந்து எப்படித் தெரிந்தது என்று உயரத்துக்காரரைக் கேட்டிருந்தார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சின்னி மேஜையைத் துடைத்துவிட்டு மெயிலைத் திறந்தாள். உயரத்துக்காரரின் பதில் வந்திருந்தது.

'டீச்சர், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நேற்று நான் எந்த மேகத்தையும் பார்க்கவில்லை. பல மாதங்களாகவே பார்க்கவில்லை. வலது கண்ணில் வெள்ளைத் திரை விழுந்துவிட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. வானம் முழுக்க ஒரே பால் நிறம். நான் எழுதியதெல்லாம் பழைய மேகங்கள். இத்தனை வருஷத்தில் பார்த்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுகிறேன். வேலையைக் கைப்பழக்கத்தில் செய்கிறேன். கீழே இருக்கிறவர்கள் ரேடியோவில் சொல்வதைக் கேட்டு ஓட்டுகிறேன். இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டிலும் தெரியாது. நீங்கள் அன்றைக்கு உங்கள் விரல் வலியைப் பற்றி எனக்குத் தனியாக எழுதியதால் உங்களிடம் சொல்லத் தோன்றியது.'

கீழே 'உயரத்திலிருந்து' என்று இருந்தது.

சின்னி மெயிலின் மேல் வரியைப் பார்த்தாள். யாருக்கு என்ற இடத்தில் டீச்சரின் முகவரி இல்லை, குழுவின் முகவரி இருந்தது. முன்பெல்லாம் டீச்சருக்கு எழுதும்போது அவர் முகவரியைத் தனியாகத் தட்டித்தான் அனுப்பியிருக்க வேண்டும். இன்றைக்கு ஏதோ நினைப்பில் 'பதில்' பொத்தானை அழுத்திவிட்டார். அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சின்னி உடனே குழுவின் இணையப் பக்கத்தில் சேமிப்பாக இருந்த பிரதியை அழித்தாள். ஆனால் எல்லாருடைய மெயில் பெட்டியிலும் போய் விழுந்ததை யார் அழிப்பது? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர், 'அய்யா, இது எல்லாருக்கும் வந்திருக்கிறது' என்று எழுதினார். அதுவும் எல்லாருக்கும் வந்தது.

மாலைக்குள் விஷயம் துறைமுகத்துக்குப் போய்விட்டது. குழுவில் இருந்த ஒருவரின் மருமகன் அங்கே பாதுகாப்புப் பிரிவில் இருந்தார். மாமனார் யோசித்து யோசித்து, கடைசியில் போன் செய்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கீழே ஆட்கள் நடமாடுகிற இடம் அது. உயரத்துக்காரரை அன்றே கீழே இறங்கச் சொன்னார்கள். மறுநாள் அவரிடமிருந்து சின்னிக்கு ஒரே வரி வந்தது. 'என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.'

அவள் எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு சில நாட்கள் குழுவில் யாரும் மேகத்தைப் பற்றி எழுதவில்லை. எல்லாரும் பதிலைப் பற்றியே எழுதினார்கள். பதில் போக வேண்டியது எழுதியவருக்கா, எல்லாருக்குமா?

வக்கீல் மிக நீளமாக எழுதினார். ஒருவர் சொன்னதற்கு நான் பதில் சொல்கிறேன் என்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் இயல்பு என்றார். எல்லாருக்கும் சொல்ல வேண்டியதைத் தவறி ஒருவருக்கு அனுப்பிவிட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். ஒருவருக்குச் சொல்ல வேண்டியது தவறி எல்லாருக்கும் போய்விட்டால், அதைத் திரும்ப வாங்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்றார்.

மொட்டை மாடிப் பெண்மணி ஒத்துக்கொள்ளவில்லை. 'பதில் தனித்தனியாகப் போக ஆரம்பித்தால் இந்த இடமே இருக்காது. ஆளாளுக்கு ஒரு மூலையில் காதைக் கடித்துக்கொண்டிருப்போம். நான் இங்கே வருவதே மற்றவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கத்தான். என்னிடம் நேராகப் பேச யார் இருக்கிறார்கள்?'

வானிலைக்காரர் போன் செய்தார். "மாத்திராதீங்கம்மா. ஒருத்தர் பொத்தானைப் பாக்காம அழுத்தினதுக்கு எல்லாரையும் ஊமையாக்கணுமா?"

"அவருக்குக் கண்ணு தெரியல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அது தெரியாமலே போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அவ்வளவு உயரத்துலேருந்து ஒரு பெட்டி யார் தலையிலயாவது விழுந்திருந்தா? அந்தத் தப்பான பதில்தான் காப்பாத்துச்சு. யோசிச்சுப் பாருங்க."

சின்னி யோசித்தாள். வேலையில் யோசித்தாள். நடக்கும்போது யோசித்தாள். அவர் சொன்னது உண்மைதான். பெட்டி விழுந்திருக்கலாம். விழாமல் போனது இந்தக் குழுவின் அமைப்பால்தான்.

காலையில் ரொட்டியை வெட்டிக்கொண்டே அக்கா கேட்டாள். "என்னடி, முகத்தைக் கழுவாத மாதிரி வச்சிருக்க?"

சின்னி சொன்னாள். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி, அந்தப் பெட்டி விஷயம் நல்லதுக்குத்தான் ஆச்சு. ஒத்துக்கறேன். அதுக்காக, நாளைக்கு நான் உன் காதுல ஒண்ணு சொல்றேன்னு வை. அதை நீ மைக்குல ஊருக்கே சொல்வியா, யாருக்காவது நல்லது நடக்கும்னு?"

"அதில்லக்கா..."

"அதேதான். அந்த மனுஷன் டீச்சர்கிட்ட பேசினாரு. அது டீச்சர்கிட்டதான் போயிருக்கணும். டீச்சர் என்ன கல்லா? அவங்களே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பாங்க டாக்டர்கிட்ட."

"இழுத்துட்டுப் போயிருக்கலன்னா?"

அக்கா ரொட்டியை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். "எதுக்கும் நீ முடிவு பண்ணு. நான் கல்லாவுல உக்காரறவ. எவன் காசு எவனுக்குன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னி குழுவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். வானிலைக்காரர் தொடாதீர்கள் என்று சொன்ன இடம். 'பதில் யாருக்குப் போக வேண்டும்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே இரண்டு வட்டங்கள். குழுவுக்கு, எழுதியவருக்கு. புள்ளி முதல் வட்டத்தில் இருந்தது. அவள் அதை இரண்டாவதற்கு மாற்றினாள். வெளியே வெயில் மங்கிப் பிறகு வந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

எல்லாருக்கும் ஒரு மெயில் எழுதினாள். 'இனிமேல் பதில் அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும். எல்லாருக்கும் சொல்ல விரும்பினால் குழுவின் முகவரியை நீங்களே போட வேண்டும். நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் யாரிடம் சொன்னாரோ அவரிடம்தான் அது போயிருக்க வேண்டும் என்று படுகிறது. தபாலம்மா.'

அதற்குப் பிறகு வந்த அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நாள் வக்கீல் மட்டும், தனக்கு ஒவ்வொரு பதிலும் இரண்டு பிரதியாக வருகிறது என்று புகார் எழுதினார். 'எல்லாருக்கும் பதில்' என்று அழுத்தினால் எழுதியவருக்கு ஒன்று, குழு வழியாக இன்னொன்று என்று இரண்டு போகும். அதை அவரே எல்லாருக்கும் பதிலாக அனுப்பியதால், புகாரும் இரண்டு பிரதியாகத்தான் போயிற்று. அதன் பிறகு அதுவும் நின்றது. மேகங்கள் வந்துகொண்டிருந்தன, யாராவது நாலு வரி எழுதினார்கள். ஆனால் அதன் பின்னால் வரும் சலசலப்பு இல்லை. தண்ணீரில் கல்லைப் போட்டு, வளையமே எழாமல் இருப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வானிலைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், போன் செய்வதில்லை. சின்னிக்கு ஒரு கனவுகூட வந்தது. கடையின் பின்னறை முழுக்க மேகம். எல்லாரும் அதற்குள் உட்கார்ந்து உதட்டை அசைக்கிறார்கள், சத்தம் மட்டும் வரவில்லை. விழித்தபோது அந்தக் கனவு அவளுக்குப் பயமாக இல்லை. அதில் யாரும் வருத்தமாகவும் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் உதட்டை அசைத்தார்கள் என்பது பல் துலக்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று அவள் உயரத்துக்காரருக்கு எழுதினாள். தன்னை எடுத்துவிடச் சொல்லி அவர் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பதிலாக. முகவரியை இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பினாள். மன்னிப்புக் கேட்டாள், அமைப்பை மாற்றிவிட்டதைச் சொன்னாள், கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெகு நாள் கழித்துப் பதில் வந்தது. வலது கண்ணில் புரையை எடுத்துவிட்டார்கள் என்றும், ஒரு நாள் துறைமுகத்து வாசலுக்கு வந்தால் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்.

அவள் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனாள். தனியாகப் போக வெட்கமாக இருந்தது. துறைமுகத்தின் கம்பி வேலிக்கு வெளியே ஒரு பெஞ்ச் இருந்தது. வேலிக்கு உள்ளே பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. அதற்கும் அப்பால், நீண்ட கழுத்தோடு கிரேன்கள். உயரத்துக்காரர் உண்மையில் குள்ளமான மனிதர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களா உயரத்துக்காரர்?" என்று கேட்டே விட்டாள்.

அவர் சிரித்தார். "மேல ஏறினாதாம்மா உயரம். இறங்கினா இவ்வளவுதான்."

இப்போது அவருக்குக் கீழே வேலை. ஏறப்போகிறவர்களுக்கு ரேடியோ எடுத்துக் கொடுத்து, காற்றின் வேகத்தைச் சொல்லி அனுப்புகிற அறையில். இடது கண்ணில் போன பார்வை போனதுதான், மிச்சம் போகாமல் இருக்கச் சொட்டு மருந்து. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மேலே விடமாட்டார்கள்.

"எங்க மேல கோவமா இருக்கீங்களா?" என்றாள் சின்னி.

அவர் கிரேனைப் பார்த்தார். "இறக்கிவிட்டதுக்கு கோவம் இல்ல தபாலம்மா. சரியான வேலைதான் செஞ்சாங்க. யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்? அந்த மருமகனுக்கு நானே போன் பண்ணி நன்றி சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"நானே சொல்லியிருப்பேன்னு நினைச்சுக்கறேன். டீச்சர்கிட்ட முதல்ல. அப்புறம் வீட்ல. அப்புறம் ஆபீஸ்ல. அப்படித்தான் மனசுக்குள்ள வரிசை போட்டு வச்சிருந்தேன். ஒருத்தர்கிட்ட சொல்லிட்டா அடுத்தவங்ககிட்ட சொல்ல தைரியம் வரும்ல? ஆனா நிஜமாவே சொல்லியிருப்பேனா? இனிமே அது எனக்கே தெரியாது. அதுதான் எங்கிட்டேருந்து போயிடுச்சு. பார்வை பாதி வந்திடுச்சு. அது மட்டும் வராது."

அக்கா, பேச ஒன்றும் இல்லாத இடத்தில்கூட எதையாவது பேசுகிறவள், கைப்பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பழைய மேகத்தையெல்லாம் எழுதினதுதான் எனக்கு இன்னும் கூச்சமா இருக்கு," என்றார் அவர். "எல்லாரும் நம்பிப் படிச்சீங்க."

"நம்பறதா? அந்த ரிப்பன் மேகத்தை நானும் பார்த்தேன்னு எழுதினேன்," என்றாள் சின்னி.

"வக்கீலும்தான். ஊதாவாம்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். பெஞ்ச் ஆடியது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுக் கண்ணால் மேலே பார்த்தார். "கட்டு பிரிச்ச அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். ஒண்ணும் பெரிய மேகம் இல்ல. ஒரு துண்டு. கிழிச்சுப் போட்ட மாதிரி. அதோட ஓரம் தெரிஞ்சுது. ஓரம்! அதை நான் மறந்தே போயிட்டேன். ஞாபகத்துல இருக்கற மேகத்துக்கெல்லாம் ஓரமே இல்ல. எழுதும்போது நானா வச்சது." அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "அங்கயே நின்னுட்டேன். எம் பொண்ணு வந்து தோளைத் தொடற வரைக்கும்."

கிளம்பும்போது அவர் கேட்டார். "இப்ப ஒருத்தர் எழுதினதுக்கு பதில் போட்டா யாருக்குப் போவும்?"

"எழுதினவங்களுக்கு மட்டும்."

"அப்படின்னா என்னையும் சேத்துக்கங்க."

குழு பழையபடி ஆகவில்லை. மொட்டை மாடிப் பெண்மணி ஒரு மாதம் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் எல்லாருக்கும் எழுதினாள். தன்னிடம் நேராகப் பேச யாரும் இல்லை என்று எழுதியிருந்தாள் அல்லவா, இப்போது மூன்று பேர் தனியாக எழுதுகிறார்களாம். அதில் ஒருவருடன் தினமும் சண்டையாம். பியானோ டீச்சர், தனக்குத் தனியாக வரும் பதில்களில் நன்றாக இருப்பவற்றை, எழுதியவர்களைக் கேட்டுக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை குழுவுக்கு அனுப்பத் தொடங்கினார். கேட்காமல் ஒன்றும் போகாது. சில பேர் வேண்டாம் என்பார்கள், அவை டீச்சரோடு நின்றுவிடும். எல்லாருக்கும் என்று நினைத்து முகவரியைத் தட்டி எழுதுகிறவர்கள், அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் யோசித்து எழுதினார்கள். மெயில்கள் குறைந்தன, வரிகள் நீண்டன. சிலர் இது சரிப்படாது என்று போய்விட்டார்கள். வானிலைக்காரர் போகவில்லை. ஆனால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. எப்போதாவது எழுதும்போது கடைசியில், 'பழைய முறையே நல்லது' என்று ஒரு வரி சேர்ப்பார். சின்னி அதற்குப் பதில் போடுவதில்லை. அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் உயரத்துக்காரர் குழுவுக்கு முதல் மெயில் எழுதினார். பெட்டிகளின் இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒரு கை அகலத்துக்குத் தெரியும் வானத்தைப் பற்றி. மேகம் அந்த இடுக்கில் முழுசாக வராதாம். முதலில் மூக்கு, பிறகு வயிறு, வெகு நேரம் வயிறு, கடைசியில் வால். அது போன பிறகு தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தால், அங்கே அது முழுசாக இருக்குமாம். லாரி ஒன்று அதன் மேல் ஏறிப் போனதாம், மேகம் நடுங்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டதாம். அதை இன்றைக்குப் பார்த்தேன், இன்றைக்கே பார்த்தேன் என்று இரண்டு தடவை எழுதியிருந்தார். கீழே 'தரையிலிருந்து' என்று இருந்தது.

சின்னி எந்திரத்தை நிறுத்திவிட்டு அதைப் படித்தாள். கையில் ஈரம் காயும் வரை காத்திருந்து, அவருக்கு இரண்டு பதில்கள் எழுதினாள். ஒன்று குழுவின் முகவரியைத் தட்டி எல்லாருக்கும். லாரி ஏறிய மேகத்துக்கு வலித்திருக்குமா என்று. இன்னொன்று அவருக்கு மட்டும். சொட்டு மருந்தைத் தவறாமல் போடுகிறாரா, போட்டதும் கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு இருக்கிறாரா என்று. ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன் மேல் வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

முதல் பதிலுக்கு வக்கீல் உடனே எழுதிவிட்டார். இரண்டாவதற்குச் சாயங்காலம்தான் பதில் வந்தது. அது சின்னிக்கு மட்டும் வந்தது.